ஏர்கான் 18, கடல் 12: குளிர்நீரில் கயாக் ஓட்டப் போகும் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையிலிருந்து புறப்பட்டு புலாவ் கெத்தாம் தீவைச் சுற்றிவிட்டு வந்து, கயாக் படகுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் இரண்டு தம்பிகள். இருவருமே கயாக் பயிற்சியில் டூ ஸ்டார் நிலை முடித்தவர்கள், துடுப்பில் நல்ல கை. அடுத்த மாதம் டாஸ்மேனியாவுக்குப் போகிறார்களாம். பாறைச் சுவர்களை ஒட்டி மூன்று நாள் கயாக் பயணம். ஃபோனில் இருந்த சாமான் பட்டியலைக் காட்டினார்கள். சட்டை, விண்ட்பிரேக்கர், ட்ரெக்கிங் பேண்ட், கேமராவுக்கு மூன்று பேட்டரி. தண்ணீர் உள்ளே புகாத முழு உடுப்பான டிரைசூட் மட்டும் இல்லை.

"டிரைசூட் வாடகைக்குக் கேட்டீங்களா?"

"பகல்ல 18 டிகிரிண்ணே. எங்க ஆபீஸ் ஏர்கானே 18லதான் ஓடுது."

தே தாரிக் தொண்டையில் நின்றது. 2013இல் இதையே, கிட்டத்தட்ட இதே ஏர்கானைச் சொல்லி, நானும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன்.

மிதவை ஜாக்கெட் போடுங்கள், தனியே போகாதீர்கள், வானிலையைப் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒன் ஸ்டார் வகுப்பிலேயே அதைக் காதில் ஓதிவிடுகிறார்கள். வெதுவெதுப்பான கடலில் பழகிவிட்டுக் குளிர்ந்த கடலுக்குப் போகும் நம் ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது மட்டும்தான் இங்கே.

வெயிலைப் பார்த்து உடுத்துவது

நம் கடல் வருடம் முழுக்க 28, 30 டிகிரி. காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் சிங்கப்பூரில் துடுப்புப் பிடித்தவனுக்குக் காற்றுக்கு ஒரு கணக்கு, தண்ணீருக்கு ஒரு கணக்கு என்பது மண்டையில் ஏறுவதே இல்லை. கவிழ்ந்தால் சிரிக்கிறோம். சில பேர் வெயில் தாங்காமல் வேண்டுமென்றே கவிழ்கிறோம்.

வெளியூர்க் கடல் அப்படியில்லை. நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் ஏறும். மரம் பூத்து, வெயில் அடித்து, உள்ளூர்க்காரர்கள் அரைக்கால் சட்டையோடு திரியும்போதும் கடல் மட்டும் இன்னும் குளிர்காலத்திலேயே நின்றுகொண்டிருக்கும். டாஸ்மேனியாவின் தென்கரையில் ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் 12 டிகிரியை ஒட்டி இருக்கும். ஸ்காட்லாந்தில் மார்ச், ஏப்ரலில் அதைவிடக் குறைவு. நாம் லீவு போட்டு டிக்கெட் எடுப்பதோ 'வெயில் வந்துவிட்டது, கூட்டம் இன்னும் வரவில்லை' என்ற அந்த இடைப்பட்ட மாதங்களில்தான். டிக்கெட்டும் மலிவு.

என் கதைக்கு வருகிறேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவு, ஃபியோர்ட்லாந்து, நவம்பர் மாதம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்று 20 டிகிரி. கயாக் வாடகைக்குக் கொடுத்தவர் டிரைசூட் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு நாளைக்கு 35 டாலர். கஞ்சத்தனம் பாதி, 'இந்த வெயிலில் அதைப் போட்டால் உள்ளேயே வெந்துவிடுவேன்' என்ற நினைப்பு பாதி. வேண்டாம் என்றேன். சீக்கிரம் உலரும் டி-ஷர்ட், மேலே மழைக்கோட்டு, அதற்கு மேல் மிதவை ஜாக்கெட்.

மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த அந்த ஃபியோர்டுகளில் இன்னொரு விஷயம் உண்டு. மழையும் பனி உருகிய நீரும் மலையிலிருந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் உப்பு நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படலம் மிதக்கும். கவிழ்ந்தால் நீங்கள் விழுவது அதற்குள்தான். அன்று அது 11 டிகிரி.

கரையிலிருந்து அறுபது மீட்டர்கூட இருக்காது. அருவியைப் படமெடுக்கத் துடுப்பை மடியில் வைத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தேன். சுற்றுலாப் படகு ஒன்று கடந்து போயிருந்தது. அதன் அலை பக்கவாட்டில் வந்து தட்டியது. அவ்வளவுதான்.

தலைக்கு மேல் தண்ணீர் மூடியதும் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. ஒரு பெரிய இழுப்பு. பாதி தண்ணீர் உள்ளே போனது. இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டைக் கழற்றும் கிராப் லூப் பட்டையை இழுத்தது நினைவில் இல்லை. வெளியே வந்துவிட்டதால் இழுத்திருக்க வேண்டும். அதன் பிறகு மூச்சு நாய் இளைக்கிற மாதிரி வந்தது. அடக்கப் பார்த்தால் அடங்கவில்லை. கூட வந்த நண்பர் "கயாக்கைப் பிடி, கயாக்கைப் பிடி" என்று கத்தியது காதில் விழுந்தது, பொருள் மண்டைக்குள் போகவில்லை. பாசிர் ரிஸ்ஸில் நாற்பது தடவை செய்த டி-ரெஸ்க்யூ, அதாவது கவிழ்ந்தவர் நண்பரின் உதவியோடு மீண்டும் கயாக்கில் ஏறும் முறை. காலைத் தூக்கி, உட்காரும் இடமான காக்பிட்டில் மாட்டிவிட்டு ஏற வேண்டும். மாட்டினால் நழுவுகிறது, மாட்டினால் நழுவுகிறது. கடைசியில் நண்பர் என் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்துப் போட்டார்.

தண்ணீரில் கால் மணி நேரம் கிடந்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். நண்பரின் தலைக் கேமராவில் பார்த்தால் 3 நிமிடம் 40 விநாடி.

கரையேறியதும் ஜாக்கெட் ஜிப்பைக் கீழே இழுக்க விரல் மடங்கவில்லை. அந்த ஊரில் மணல் ஈக்கள் அதிகம், நம் புலாவ் உபின் தீவின் ஈக்களெல்லாம் அதன் தம்பிகள். முகத்தில் உட்கார்ந்து கடிக்கிறது. அடிக்கக் கை எழுகிறது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கன்னத்தில் ஈயோடு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு நேர்ந்ததற்குப் பெயர் குளிர் அதிர்ச்சி. தோல் சட்டென்று குளிர்ந்ததும் உடம்பு மூச்சை உள்ளே இழுக்கும், பிறகு வேகமாக மூச்சு வாங்கும், இதயத்துக்கும் சுமை ஏறும். 15 டிகிரிக்குக் கீழே இது பலமாக இருக்கும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடம்பின் உட்சூடு குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். தண்ணீரின் குளிரையும் ஆளையும் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும்.

நம்மவர்கள் பயப்படுவது அந்தக் கடைசி 1 மணி நேரத்துக்கு, அதாவது உட்சூடு குறையும் ஹைப்போதெர்மியாவுக்கு. 'ஹைப்போதெர்மியா வர நேரமாகும்ல, அதுக்குள்ள ஏறிடலாம்' என்பார்கள். முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்தவனும், பத்தாவது நிமிடத்தில் கயாக்கைப் பிடிக்க விரல் வராதவனும் ஹைப்போதெர்மியா வரைக்கும் போவதே இல்லை.

ஆகவே கடலின் டிகிரியைத் தேடிப் பாருங்கள், காற்றின் டிகிரியை அப்புறம் பார்க்கலாம். என் கணக்கு இது. 15க்குக் கீழே என்றால் டிரைசூட், உள்ளே கம்பளி அல்லது ஃபிளீஸ். அதற்குக் கொஞ்சம் மேலே, கரையை ஒட்டிய சின்னப் பயணம் என்றால், நனைந்தாலும் சூட்டைக் காக்கும் ரப்பர் உடுப்பான நல்ல வெட்சூட் தாங்கும். எதைப் போட்டாலும் கிளம்புமுன் அதோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஐந்து நிமிடம் நில்லுங்கள். நிற்க முடியாத உடுப்போடு கயாக்கில் ஏறாதீர்கள். வெயிலில் வேகிறதா? நண்பரின் கயாக் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து முங்கி எழுங்கள். கடல் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

தம்பிகள் இருவரும் தலையாட்டினார்களே தவிர நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். குளியலறையில் பெரிய வாளி, இரண்டு பை ஐஸ், சமையல் தெர்மாமீட்டர். 12 டிகிரிக்கு வந்ததும் முழங்கை வரை கையை விடச் சொன்னேன். முதல் நிமிடம் சிரிப்பு. மூன்றாவது நிமிடத்தில் கண்ணாடி போட்டவன் பேச்சை நிறுத்தினான். பத்து நிமிடம் கழித்து என் மிதவை ஜாக்கெட்டைக் கொடுத்தேன். பக்கிளை உள்ளங்கையால் அமுக்கித் திறந்தான். ஜிப்பின் நாக்கைப் பிடிக்க வரவில்லை. ஃபோன் அவன் விரலை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. கையை மட்டும்தான் நனைத்திருந்தான், அதுவும் என் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்துகொண்டு.

அவன் அன்றைக்கே டிரைசூட்டுக்கு எழுதிவிட்டான். இன்னொருவன் 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும் என்று இன்னும் வாதாடுகிறான். அந்தச் சண்டை ஓயவில்லை.

"எனக்குத்தான் ரோல் வருமே"

ரோல் என்றால் கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே துடுப்பால் நிமிர்த்துவது. வெதுவெதுப்பான நீரில் பத்துக்குப் பத்து ரோல் அடிக்கிறவர்கள் குளிர்நீரில் முதல் தடவையே தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு துடுப்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக நாலைந்து விநாடி வேண்டும். குளிர் அதிர்ச்சி அதைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. காதுக்குள் குளிர்ந்த நீர் புகுந்தால் தலை சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. நியோப்ரீன் ரப்பர் தலைமூடி சின்ன விஷயமாகத் தெரியும். மற்றதெல்லாம் வாங்கி இதை விட்டவர்கள் அதிகம்.

உடம்பைக் கொஞ்சம் பழக்கலாம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கினாலே குளிர் அதிர்ச்சி கணிசமாகக் குறைகிறது. ஐஸ் போட்ட தொட்டியில் இதைச் செய்வதென்றால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பழகினாலும் விரல் மரத்துப்போவது மரத்துப்போவதுதான். பழக்கம் டிரைசூட்டுக்கு மாற்றாகாது.

டிரைசூட் இருக்கிறது என்ற நிம்மதி

ஜிப்பைக் கடைசிவரை இழுக்காமல் இறங்கியவரின் காலுக்குள் வாளித் தண்ணீர் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தோளுக்குப் பின்னால் போகும் ஜிப்பைத் தானே பார்க்க முடியாது. கிளம்புமுன் ஒருவர் ஜிப்பை இன்னொருவர் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்தது உள்ளே தங்கும் காற்று. கழுத்துப் பட்டையை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தால் புஸ்ஸென்று வெளியேறும். அதை விட்டால் தண்ணீரில் கால் மேலே மிதக்கும்.

சொந்தமாக வாங்கி இங்கே கொண்டுவந்து வைப்பவர்களுக்கு ஒன்று. கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் லேட்டெக்ஸ் பட்டைக்கு வெயில், சூடு, சன்ஸ்கிரீன் மூன்றும் ஆகாது. என் முதல் டிரைசூட்டை மடித்து, வீட்டில் சாமான் அறையாகிவிட்ட பாம் ஷெல்டரில், பழைய ஃபேனுக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவில் செருகி வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தபோது கழுத்துப் பட்டை பலாப்பால் மாதிரி கையில் ஒட்டியது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாலாவது எடுத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் பார்த்துப் பயனில்லை.

பருத்தி

வேண்டாம்.

உதவி கேட்கும் சாமானை ஹேட்ச்சில் பூட்டுவது

ஹேட்ச் என்பது கயாக்கின் மூடி போட்ட சாமான் அறை. ஃபோன், விசில், கடலில் உதவிக்கு அழைக்கும் வி.எச்.எஃப். ரேடியோ எல்லாம் உடம்பில் இருக்க வேண்டும். கயாக் கையை விட்டுப் போனால் ஹேட்ச்சும் கூடவே போகும்.

திரும்பும் நேரத்தைக் கரையில் சொல்லாமல் போவது

1993 மார்ச் 22. இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள் கயாக்கில் கிளம்பினார்கள். மிகச் சின்னப் பயணம். காற்று கடல் பக்கம் தள்ளியது. அவர்கள் திரும்பவில்லை என்று கடலோரக் காவலுக்குத் தகவல் போகவே மணிக்கணக்கானது. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1995இல், பிள்ளைகளை இப்படி அழைத்துப் போகும் நிலையங்களுக்கு அங்கே உரிமச் சட்டமே வந்தது.

"இத்தனை மணிக்கு என் மெசேஜ் வராவிட்டால் இந்த எண்ணுக்கு ஃபோன் போடு" என்று கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது சொல்வதாகாது.

நடுங்குகிறவரைத் தேய்ப்பது

கை காலைத் தேய்க்காதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள், 'நடந்தா சரியாயிடும்' என்று இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள். ஈரத்தைக் களைந்து, படுக்க வைத்து, காற்றுப் படாமல் மூடி, தலையையும் மூடுங்கள். பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்று அமைதியானால் அது நல்ல சேதி இல்லை. உடனே உதவிக்கு அழையுங்கள்.

தெர்மோஸ்

ஃபியோர்ட்லாந்தில் எங்களிடம் சுடச்சுட மைலோ இருந்தது. மூடியை இறுகத் திருகி மூடியிருந்தேன். என்னாலும் திறக்க முடியவில்லை, என்னை இழுத்துப் போட்டதில் விரல் மரத்துப்போன நண்பராலும் முடியவில்லை. இருவரும் அதை மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அமுக்கினால் திறக்கும் வகைதான். வாங்குமுன் கடையிலேயே விரலை மடக்கிக்கொண்டு முழங்கையால் அமுக்கிப் பார்த்தேன், விற்பனைப் பெண் ஒரு மாதிரி பார்த்தார். பழையது வீட்டில்தான் இருக்கிறது. மனைவி அதில் ரசம் ஊற்றி ஆபீசுக்கு எடுத்துப் போகிறாள்.