ஸ்போர்ட்ஸ் கார் டயர் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்? அளந்து கணக்கிடும் முறை

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் கார்கள் சென்னைக்கும் சேலத்துக்குமாகப் பிரியும் இடம் கிருஷ்ணகிரி. இங்கே வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் பணியில் இருக்கும் என்னிடம், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, டயர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பதுதான். குடும்பக் காரின் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடியதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஸ்போர்ட்ஸ் காரின் பின் டயர் 15,000 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடக்கூடும் என்பதை ஏற்க மனம் வருவதில்லை. ஓடிய தூரத்தை வைத்து ஊகிப்பதை விட்டு, பட்டன் என்று நாங்கள் சொல்லும் மேல் ரப்பரின் ஆழத்தை அளந்து கணக்கிடுவதே நம்பத்தக்க வழி.

இந்த டயர்கள் விரைவில் தேய்வதற்கு முதற்காரணம் அவற்றின் மென்மையான ரப்பர் கலவை. சாலையை இறுகப் பற்றுவதற்காகவே அது அவ்வாறு செய்யப்படுகிறது. பற்றும் ரப்பர் உதிரவும் செய்யும். டயரின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்ற சொல்லுடன் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கலாம். 100 என்பதை அளவுகோலாகக் கொண்ட ஒப்பீட்டு எண் அது. எண் குறையக் குறையத் தேய்மானம் வேகமாக இருக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் டயருக்கு அந்த எண் 300; பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பைலட் ஸ்போர்ட் கப் 2 டயருக்கு 180. இவற்றோடு, பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் சக்கரங்களுக்கு மட்டும் செல்லும் பெரும் இழுவிசையும், வளைவில் நிலைப்பதற்காகச் சக்கரத்தின் மேற்பகுதியை உட்புறம் சாய்த்து அமைக்கும் நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்துகொள்கின்றன.

அந்தச் சாய்வுதான் பலரையும் ஏமாற்றுகிறது. தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் செல்லவிருந்த ஒருவர், காற்று மட்டும் சரிபார்த்தால் போதும் என்று வண்டியை நிறுத்தினார். வெளியிலிருந்து பார்க்கையில் பட்டன் நன்றாகவே இருந்தது. லிஃப்டில் ஏற்றிப் பின் சக்கரத்தின் உள்பக்கம் விளக்கடித்தபோது, இரு விரல் அகலத்துக்கு ரப்பர் முழுவதும் மழமழவென மொட்டையாகி, ஓரிடத்தில் டயருக்குள் இருக்கும் கம்பி மினுங்கியது. விரலை அருகே கொண்டுசெல்லவே அச்சமாக இருந்தது. அறுந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஊசிபோல் குத்தும். அன்றைய பயணத்தை அவர் கைவிட்டார்.

ஆகவே அளவெடுக்கும்போது உள்விளிம்பிலிருந்தே தொடங்குங்கள். முன் சக்கரங்களுக்கு ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பினால் உள்பக்கம் தெரிந்துவிடும். பின் சக்கரங்களுக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றுவதே பாதுகாப்பானது. பட்டன் ஆழம் அளக்கும் சிறு கருவியை வரிப்பள்ளத்தில் வைத்து, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்றிலும், சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் அளந்து, ஓடிய கிலோமீட்டருடன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்காக இருக்கும் சிறு மேடு 1.6 மில்லிமீட்டர் உயரமுடையது; பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியும் டயர் முடிந்தது. ஆனால் அகலமான டயர் மழைநீரில் எளிதாக மிதந்துவிடும் என்பதால், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடும்படி நான் வற்புறுத்துகிறேன்.

இனி கணக்கு. புதிதாக 8 மில்லிமீட்டர் இருந்த பின் டயரின் உள்விளிம்பு, 6,000 கிலோமீட்டருக்குப் பின் 5.6 ஆக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.4 மில்லிமீட்டர் தேய்கிறது. 3 மில்லிமீட்டரை எட்ட இன்னும் 6,500 கிலோமீட்டரே உள்ளது. அதே டயரின் வெளிவிளிம்பு 6.8 என்று காட்டினால், அதை மட்டும் பார்த்தவர் 19,000 கிலோமீட்டர் மீதமிருப்பதாக நினைத்துக்கொள்வார்.

அளவுகளே காரணத்தையும் சொல்லும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. உள்ளங்கையைப் பட்டன்மேல் குறுக்காக இருபுறமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும் மறுபக்கமாகத் தடவும்போது ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால், சக்கரம் நேராக உருளாமல் இழுபட்டுச் செல்கிறது என்று பொருள், அதாவது டோ எனப்படும், மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு தவறியிருக்கிறது. என் அனுபவத்தில் உள்விளிம்பை விரைவில் தின்பது கேம்பரைவிட இந்த டோ பிழைதான். நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் செய்து, சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

காற்றை வண்டி ஓடாத காலை நேரத்தில், கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. கூடும், அதனால் சித்திரை வெயிலில் ஓட்டி வந்த சூட்டில் கூடுதலாகக் காட்டுகிறதென்று காற்றை இறக்கிவிடக் கூடாது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் குறைந்த கியரில் இறங்குவது முன் டயர்களையும் காக்கும். கிரானைட் குவாரிச் சாலைகளில் கல் சில்லுகள் சிதறிக் கிடப்பதால், அங்கே சென்று வந்த பின் பட்டனில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குச் செல்பவர்கள் போகும்போதும் வந்த பிறகும் அளக்க வேண்டும். அங்கே ஓட்டும் ஒரு நாள், சாலையில் ஓட்டும் பல வாரங்களுக்குச் சமம்.

முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் உள்ள கார்களில், முன் டயரைப் பின்னுக்கு மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்த இயலாது. மாற்றும்போது ஒரே அச்சின் இரு டயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். போர்ஷே காராக இருந்தால், அதற்கென ஒப்புதல் பெற்றதைக் காட்டும் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்துக் குறியீடு டயரில் உள்ளதா என்று பாருங்கள். தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் தெரிவிக்கும். 2424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். புதிய டயரின் ஆழத்தை மாட்டிய அன்றே அளந்து நோட்டின் முதல் வரியில் எழுதி, 2,000 கிலோமீட்டர் ஆனதும் உள்விளிம்பை மீண்டும் அளந்து பாருங்கள்.