டெர்மினல்ல ஜிப்பும் டாரும் பிரிக்கது எப்படி: மொதல்ல எட்டிப் பாருங்க, பொறவு பிரிங்க

இப்பல்லாம் கல்யாண போட்டோவ யாரும் பென்டிரைவ்ல தாரதில்ல. பாளையங்கோட்டையோ வண்ணார்பேட்டையோ, ஸ்டூடியோக்காரங்க கூகுள் டிரைவ் லிங்கை வாட்ஸப்ல தட்டிவிட்டுட்டு "டவுன்லோட் பண்ணிக்கிடுங்க அண்ணாச்சி"ன்னு சோலிய முடிச்சிருதாவ. பெரிய ஃபோல்டர்னா அது ஒத்த ஃபைலா இறங்காது, பேருக்கு கடைசில 001, 002, 003ன்னு நம்பர் போட்டு நாலஞ்சு ஜிப்பா வந்து நிக்கும், ஒவ்வொண்ணா டபுள் கிளிக் பண்ணி பிரிச்சா நாலு ஃபோல்டர், நாலுக்குள்ளயும் நலுங்கு, மறுவீடுன்னு அதே பேர்ல பாதிப்பாதி படம், எதை எதோட சேக்கதுன்னே தெரியாம மண்டை காஞ்சிரும். கமாண்ட் அடிச்சு வேலை வாங்குத டெர்மினல்ல இது ஒரே வரி வேலை. அதைத்தான் இங்க சொல்லுதேன், கூடவே ஜிப் மாதிரியே ஃபைல்களை கட்டி வைக்க டார், செவன்ஜிப் வகையறாவையும் பாத்துருவோம்.

கமாண்டெல்லாம் வாயால வாசிக்க மாதிரி தமிழ் எழுத்துலயே போட்டுருக்கேன். அடிக்கும்போது அதே எழுத்தை இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணுங்கிற இடத்துல நானே சொல்லிருதேன். இடைவெளி விட்ட இடத்துல ஸ்பேஸ், ஒட்டி இருந்தா ஒட்டித்தான்.

எதுல அடிக்க?

லினக்ஸ்ல உபுண்டு, மின்ட் வச்சிருக்கவங்க கன்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேத்து அமுக்குனா டெர்மினல் தொறந்துரும். விண்டோஸ்காரங்களும் ஓடிப்போக வேண்டாம், 2018ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுல இருந்து டார் கமாண்ட் அதுக்குள்ளயே இருக்கு, கமாண்ட் ப்ராம்ப்ட்ல அடிச்சா வேலை செய்யும். ஒரே ஒரு வித்தியாசம், விண்டோஸ்லயும் மேக்லயும் இருக்க டார் ஜிப் ஃபைலையும் பிரிச்சிரும், லினக்ஸ்ல இருக்க ஜிஎன்யூ டார்கிட்ட ஜிப்பை குடுத்தா இது டார் ஆர்க்கைவ் மாதிரி தெரியலியேன்னு கைய விரிச்சிரும். அதனால லினக்ஸ்ல ஜிப்புக்கு அன்ஜிப், டாருக்கு டார்.

உபுண்டு, மின்ட்ல இல்லாத டூலை இப்படி ஏத்திக்கிடலாம், சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் அன்ஜிப் பி7ஜிப்-ஃபுல்

பாஸ்வேர்ட் கேக்கும், சில சிஸ்டத்துல அடிக்கும்போது நட்சத்திரம் வரும், சிலதுல ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியாது, கீபோர்டு போயிருச்சோன்னு நெனைக்காதிய, அது அப்படித்தான். சூடோவ இந்த ஒரு இடத்துக்கு மட்டும் வச்சுக்கிடுங்க, ஃபைலை பிரிக்கதுக்கு அது தேவையே இல்ல.

கல்யாண ஜிப்பை பிரிக்கலாம்

மொதல்ல அந்த நாலு ஜிப்பையும் தனி ஃபோல்டர்ல போடுங்க, டவுன்லோட்ஸ்லயே விட்டுட்டா அங்க கெடக்க கரண்ட் பில்லு, ஃபான்ட் ஜிப் எல்லாம் சேந்து பிரிஞ்சிரும். ஆல்பம்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள நகத்தியாச்சுன்னு வைங்க. இப்ப அங்க போகணும்:

சிடி டவுன்லோட்ஸ்/ஆல்பம்

டவுன்லோட்ஸ்ல மொத டி பெருசு. லினக்ஸுக்கு பெருசும் சிறுசும் வேற வேற எழுத்து, அதனால டிஓடபிள்யூ வரைக்கும் சரியா அடிச்சிட்டு டாப் கீய தட்டுங்க, மிச்சத்தை அதுவே நிரப்பிக்கிடும். ஃபைல் பேர்ல ஸ்பேஸ் இருந்தாலும் சரி, ரெண்டாவது தடவ டவுன்லோட் பண்ணதுல அடைப்புக்குறிக்குள்ள 1 வந்து உக்காந்திருந்தாலும் சரி, டாப் கீதான் காப்பாத்தும். கையால முழுசா அடிக்கவங்கதான் பாதி நேரம் எரர் வாங்குதாவ.

உடனே பிரிச்சிராதிய. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க:

அன்ஜிப் -எல் '*.ஜிப்'

எல்னா லிஸ்ட். ஒண்ணும் பிரியாது, உள்ள இருக்க ஃபைல் பேரும் அளவும் மட்டும் ஓடும், ஒவ்வொரு ஜிப்புக்கும் கடைசில மொத்த எண்ணிக்கை வரும், அதை எங்கயாச்சும் குறிச்சு வைங்க. அந்த ஒத்தை மேற்கோள் குறிய விட்டுறாதிய, அது இல்லாம அடிச்சா ஷெல்லு, அதான் நீங்க அடிக்க கமாண்டை வாங்கி ஓட்டுதது, நட்சத்திரத்தை தானே விரிச்சி நாலு பேரையும் வரிசையா அன்ஜிப்கிட்ட குடுக்கும், அன்ஜிப் மொத பேரை மட்டும் ஜிப்புன்னு எடுத்துக்கிட்டு மிச்ச மூணையும் அந்த ஜிப்புக்குள்ள தேடும், அங்க எங்க இருக்கப் போவுது, ஃபைல்நேம் நாட் மேட்ச்டுன்னு திட்டிட்டு நின்னுரும். புதுசா வாரவங்க எல்லாரும் முட்டுத எடம் இதுதான்.

பேரெல்லாம் சரியா இருந்தா:

அன்ஜிப் '*.ஜிப்' -டி கல்யாணம்

இந்த டி டைரக்டரில வார டி, அதைப் போட்டு பேரு குடுத்தா அந்த ஃபோல்டரை அதுவே உண்டாக்கி எல்லாத்தையும் அதுக்குள்ள எறக்கிரும். நாலு ஜிப்புல இருந்த நலுங்கு படமும் ஒரே நலுங்கு ஃபோல்டருக்குள்ள வந்துரும். நடுவுல ரீப்ளேஸ் பண்ணவான்னு கேட்டா அங்க ஏற்கனவே அதே பேர்ல ஃபைல் இருக்குன்னு அர்த்தம், பெரிய என் அடிச்சா எதையும் மாத்தாது, பெரிய ஏ அடிச்சா எல்லாத்தையும் மேல எழுதிரும். சந்தேகம்னா பெரிய என்.

தமிழ்ல ஃபோல்டர் பேரு இருந்தா டெர்மினல்ல கொம்பு தனியா புள்ளி தனியா கோணலா தெரியும். அது காட்டுததுல உள்ள கோளாறு, ஃபைல் மேனேஜர்ல தொறந்து பாத்தா சரியா இருக்கும். அங்கயும் கொத்து கொத்தா குப்பை எழுத்துதான்னா ஜிப்பு போட்டவர் பழைய சாஃப்ட்வேர்ல போட்டுருக்காரு, அன்ஆர்னு (யுஎன்ஏஆர்) ஒரு டூல் உண்டு, எழுத்து முறைய அதுவா கண்டுபிடிக்கப் பாக்கும், அதை ஏத்தி முயற்சி பண்ணுங்க.

டார்

சாஃப்ட்வேர், சோர்ஸ் கோடு எல்லாம் பெரும்பாலும் டார்.ஜீஇசட்னு ரெட்டை வாலோட வரும். ரெண்டும் வேற வேற வேலை. டார் 1979ல யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட வந்தது, டேப்ல வரிசையா எழுதுததுக்குன்னு செஞ்சது, அது ஃபைல்களை சேத்துக் கட்டுமே தவிர சுருக்காது. சுருக்குதது ஜீஜிப், 1992ல வந்தது. பத்தமடைப் பாய் பத்தை அடுக்கி கயித்த கட்டுனா டார், அந்தக் கட்டையே இறுக்கிச் சுருட்டுனா ஜீஜிப். ஜிப்பு ரெண்டு வேலையையும் தானே பாத்துக்கிடும்.

இங்கயும் மொதல்ல எட்டிப் பாக்கது, இந்த டி டெஸ்ட்ல வார டி:

டார் -டிஎஃப் ஃபைல்பேரு.டார்.ஜீஇசட்

எல்லா வரியும் ஒரே ஃபோல்டர் பேர்ல ஆரம்பிச்சா நல்லவன். அப்படி இல்லாம நேரா நூறு ஃபைலு கெடந்தா அதை பிரிச்சீங்கன்னா நீங்க நிக்க ஃபோல்டர் முழுக்க கொட்டிரும், டார் பாம்னு சொல்லுதது இதைத்தான். அதை விட மோசம், அதே பேர்ல உங்க ஃபைல் அங்க இருந்தா டார் அன்ஜிப் மாதிரி கேக்காது, சத்தமில்லாம மேல எழுதிட்டு போயிரும். அதனால எப்பவும் தனி ஃபோல்டர்:

எம்கேடிஐஆர் புதுசு
டார் -எக்ஸ்எஃப் ஃபைல்பேரு.டார்.ஜீஇசட் -சி புதுசு

இந்த சி பெரிய எழுத்து. சின்ன சிக்கு புதுசா ஒரு டாரை கட்டுன்னு அர்த்தம், அதனால கவனம். ஃபோல்டரை நீங்கதான் முன்னாடியே உண்டாக்கணும், டார் உண்டாக்காது. நெட்டுல பழைய பாடம் பாத்தா ஜீஇசட்டுக்கு இசட், பிஇசட்2க்கு ஜே, எக்ஸ்இசட்டுக்கு பெரிய ஜேன்னு மனப்பாடம் பண்ணச் சொல்லுவாவ, பிரிக்கதுக்கு அது இப்ப தேவையில்ல, எதுல சுருக்கிருக்குன்னு டாரே பாத்து தெரிஞ்சிக்கிடும். எக்ஸ் பிரிக்க, டி பாக்க, எஃப் ஃபைல், அம்புட்டுதான். எஃபுக்கு அடுத்தால உடனே ஃபைல் பேரு வரணும்.

செவன்ஜிப், ரார்

7இசட் எக்ஸ் ஃபைல்பேரு.7இசட் -ஓபுதுசு

ஓவுக்கும் ஃபோல்டர் பேருக்கும் நடுவுல ஸ்பேஸ் கூடாது, இது செவன்ஜிப்போட கிறுக்கு. எக்ஸுக்கு பதிலா ஈ போட்டா உள்ள இருக்க ஃபோல்டரையெல்லாம் கலைச்சி எல்லா ஃபைலையும் ஒரே இடத்துல குமிச்சிரும். ரெண்டு கேமராக்காரங்க எடுத்த கல்யாணத்துல ரெண்டு பேரு ஃபைலும் டிஎஸ்சி_0001னே ஆரம்பிச்சிருக்கும், மேல எழுதவான்னு கேக்கும்போது ஆமான்னுட்டா மாப்பிள்ள வீட்டு படத்து மேல பொண்ணு வீட்டு படம் ஏறி உக்காரும். ஈ வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லுவேன். ரார் ஃபைலுக்கு அன்ரார் ஏத்திக்கிட்டு அன்ரார் எக்ஸ்னு குடுங்க.

.7இசட்.001, .7இசட்.002ன்னு வந்தா அது டிரைவ் ஜிப்பு மாதிரி இல்ல, ஒரே ஃபைலை துண்டு போட்டது. எல்லா துண்டும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும், 001ஐ மட்டும் பிரிங்க, மிச்சத்தை அதுவே எடுத்துக்கிடும். ஒரு துண்டு குறைஞ்சாலும் முழுசா வராது.

பிரிய மாட்டேங்குதே

பாதி டவுன்லோட்ல ஈபி மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் போயிருக்கும், ஃபைலு அரைகுறையா கெடக்கும். ஜிப்போட உள்ளடக்கப் பட்டியல் ஃபைலோட கடைசில இருக்கு, வால் இல்லன்னா அன்ஜிப்புக்கு கணக்கே தெரியாது, என்ட் ஆஃப் சென்ட்ரல் டைரக்டரி இல்லன்னு எரர் வரும். டார் வரிசையா எழுதுனது, அதனால பாதி வந்திருந்தா பாதி வரைக்கும் பிரிச்சி தந்துட்டு நிக்கும், அதை பாத்து முழுசா வந்துட்டுன்னு நம்பிராதிய. ரெண்டுக்கும் மருந்து திரும்ப டவுன்லோட் பண்ணதுதான். ஜிப்பு ஒழுங்கா இருக்கான்னு பிரிக்காமலே சோதிக்க அன்ஜிப் -டி போதும், இந்த டி டெஸ்ட்ல வார டி, ஃபோல்டருக்கு போட்ட டி டைரக்டரில வார டி.

இன்னொரு கேஸ், ஃபைலு சின்னதா சில கேபிதான் இருக்கும், ஆனா பேரு ஜிப். அப்ப:

ஃபைல் ஆல்பம்.ஜிப்

ஃபைல்ங்கிறதே ஒரு கமாண்டுதான், பேரை நம்பாம உள்ள இருக்கதை பாத்து சொல்லும். எச்டிஎம்எல் டாக்குமென்ட்னு வந்தா உங்களுக்கு கெடச்சது போட்டோ இல்ல, லாகின் பண்ணச் சொல்லுத வெப் பக்கம். லாகின் பண்ணிட்டு மறுபடி எறக்குங்க.

எல்லாம் பிரிஞ்சாச்சு, டிஸ்க்ல இடம் இல்லன்னு ஜிப்பை அழிக்கணும். ஜேபெக் படம் ஏற்கனவே சுருங்குனதுதான், அதனால ஜிப்பும் பிரிச்ச ஃபோல்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ரெண்டையும் வச்சிருந்தா ரெட்டை இடம் போவும். அழிக்கதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்துருங்க:

ஃபைண்ட் கல்யாணம் -டைப் எஃப் | டபிள்யூசி -எல்

நடுவுல இருக்க நெட்டுக் கோடு என்டர் கீக்கு மேல இருக்கும், ஷிஃப்ட் போட்டு அடிங்க. நீங்க குறிச்சு வச்ச எண்ணிக்கைய கூட்டிப் பாருங்க, அதுல ஃபோல்டரையும் சேத்து எண்ணிருந்தா அஞ்சாறு கூட இருக்கலாம், அதுக்கு மேல இடிச்சா எந்த ஜிப்புன்னு தேடுங்க. பெரிய வீடியோ ஃபைலு ஜிப்புக்குள்ள வராம தனியாவும் இறங்கிருக்கலாம், டவுன்லோட்ஸ்ல ஒரு கண்ணு போட்டுட்டு பொறவு ஆர்எம்ங்கிற அழிக்க கமாண்டை ஜிப் பேரோட அடிங்க, ஆர்எம்ல போனது ட்ராஷுக்கு வராது.