கஷ்ட காலத்தில் ஜெபிக்க வார்த்தை வராதபோது

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி நின்னு போனா, திருப்பூர்ல பனியன் ஆர்டர் குறைஞ்சா, முதல்ல அடி வாங்குறது வீட்டுச் செலவு. அடுத்தது ஜெபம். முழங்கால் போட்டாலும் வார்த்தை வராது. அந்த நேரத்துக்கு பைபிள்ல இருக்கிற 13-ஆம் சங்கீதத்தைக் கையில எடுங்க. மொத்தமே 6 வசனம்தான்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குது. முதல் இரண்டு வசனத்துக்குள்ள "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தடவை வருது. இந்தச் சங்கீதத்தைப் பாடின தாவீது ராஜாவே இப்படிக் கேட்டிருக்க, நாம கேட்டா விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வாய்விட்டு வாசிங்க. ஒவ்வொரு "எதுவரைக்கும்" வந்ததும் நிறுத்தி, உங்க பாரத்தைப் பேர் சொல்லியே சொல்லுங்க: நூல் கடை பாக்கி, குழுக்கடன் தவணை, பிள்ளையோட காலேஜ் பீஸ். பொத்தாம்பொதுவா "என் கஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. கடைசி இரண்டு வசனம் நம்பிக்கையா முடியும். அன்னைக்கு அதைச் சொல்ல மனசு வரலைன்னா, வீட்டுல இன்னொருத்தரை வாசிக்கச் சொல்லி நீங்க கேளுங்க.

இன்னொண்ணு, இதுதான் என் மனசை ரொம்ப வருத்துறது: காணிக்கைக்குப் பணம் இல்லைன்னு வெட்கப்பட்டு சிலர் ஞாயிறு ஆராதனைக்கே வராம இருந்துடுறாங்க. தயவுசெஞ்சு வெறுங்கையோட வாங்க. சபையில நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, போதகர் ஐயராவோ மூப்பராவோ பக்கத்துப் பெஞ்சு அக்காவாவோ இருக்கட்டும், நிலைமையைச் சொல்லுங்க. தெரிஞ்சாதானே உங்களுக்காக ஜெபிக்க முடியும், அரிசி பருப்பு வாங்கித் தரவும் முடியும்.