ஷேட் செய்த ஜாரில் டிரைவர் காணவில்லையா?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஜாவா எழுதும் தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: மேவனில் (ஜாவா ப்ராஜெக்டைக் கட்டித் தரும் கருவி) ஒவ்வொரு ப்ளகினும் தனியாக ஒழுங்காக ஓடுகிறது, எல்லாவற்றையும் சேர்த்தால் ஏன் சொதப்புகிறது?

முதலில் எது எந்தக் கட்டத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். ஷேட் (நம் புரோகிராமையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஒரே ஜார் கோப்பாக அடைக்கும் ப்ளகின்), சோர்ஸ் (மூல நிரலைத் தனி ஜாராக அடைக்கும் ப்ளகின்) இரண்டும் பேக்கேஜ் கட்டத்தில்தான் ஓடுகின்றன. ஒரே கட்டத்தில் இருந்தால், பாம் கோப்பில் (மேவனின் அமைப்புக் கோப்பு) எழுதிய வரிசையே ஓடும் வரிசை. கையொப்பமிடும் ஜிபிஜி ப்ளகின் இயல்பாகவே அதற்கப்புறம் வரும் வெரிஃபை கட்டத்தில் ஓடும். அதை அங்கேயே விடுங்கள். முன்னே இழுத்து ஷேடுக்கு மேலே வைத்தால், பழைய ஜாருக்குக் கையொப்பம் விழும். ஷேட் அந்த ஜாரை மாற்றியதும் கையொப்பம் செல்லாது.

சோர்ஸ் ப்ளகினில் 'ஜார்' என்ற கோலுக்கு (ப்ளகின் செய்யும் ஒரு வேலைக்கு) பதில் 'ஜார்-நோ-ஃபோர்க்' போடுங்கள். இல்லாவிட்டால் புரோகிராம் கோடு உருவாக்கும் ப்ளகின்கள் இரண்டு முறை ஓடும்.

பலரைப் படுத்துவது இன்னொன்று. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் டிரைவர்கள் (ஜாவாவை அந்த டேட்டாபேஸ்களோடு இணைக்கும் லைப்ரரிகள்) இரண்டிலும் மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் சர்வீசஸ் என்ற இடத்தில் ஒரே பெயரில் ஒரு கோப்பு இருக்கும். ஷேட் செய்யும்போது ஒன்றுதான் தங்கும். ஓட்டினால் 'பொருத்தமான டிரைவர் இல்லை' என்று பிழை வரும். ஷேட் அமைப்பில் 'சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்' சேர்த்தால் இரண்டும் ஒரே கோப்பில் இணையும். ஜாரை அன்சிப் செய்து அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு டிரைவர்களின் கிளாஸ் பெயர்களும் இருந்தால் சரி.