பழைய லெக்ஸஸ் எல்எஸ் 400 வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் அறிமுகமான, டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் எல்எஸ் 400 தெருவில் போனால் அநேகம் பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதன் அருமை கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிய பிறகுதான் தெரியும். தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி தன் அணிக்கு வைத்த இலக்குகளில் ஒன்று, 100 கி.மீ. வேகத்தில் காருக்குள் 58 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது. எழுந்த சத்தத்தைப் பஞ்சு திணித்து அமுக்குவதை விட, அதிர்வு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எஞ்சின், கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்தது அதனால்தான்.

பழைய கார் வாங்குபவரைச் சிக்கலில் மாட்டுவதும் இதே அமைதிதான். தேய்ந்துபோன எல்எஸ் கூட மற்ற பல கார்களை விட மென்மையாக ஓடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவெடுத்தால், பிறகு கோளாறுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

முதலில் எந்த ஆண்டு என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மாடல் ஆண்டுக் கணக்கில் 1990-92 கார்களுக்கு 15 அங்குல வீல். டயர் அளவு 205/65. 1993-94 கார்களுக்குப் பெரிய பிரேக் டிஸ்க்கும் 16 அங்குல வீலும் வந்தன. 1995-இல் இரண்டாம் தலைமுறை. 1998 முதல் 2000 வரை விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்) எஞ்சினும் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும். 1995-97 கார்களே எங்கள் முதல் தேர்வு. எலெக்ட்ரானிக்ஸ் தொல்லை குறைவு, ஓபிடி-2 சாக்கெட் (எஞ்சின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனரை இணைக்கும் பொதுத்தரப் பிளக்) இருப்பதால் சாதாரண ஸ்கேனரிலேயே கோளாறு குறியீட்டைப் படிக்கலாம். 1994 வரையிலான கார்களில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, செக் எஞ்சின் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ண வேண்டும்.

பார்க்கப் போகும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற ஒலி மட்டும் வந்து எஞ்சின் சுற்றாமல், இரண்டாம் முறை கிளம்பினால், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செம்புத் தகடுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். தகடுகளின் விலை சொற்பம்; கூலிதான் அதிகம். இந்த வி8-இல் (எட்டு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக V வடிவில் அமைந்த எஞ்சின்) ஸ்டார்ட்டர் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் புதைந்திருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றும்போது நாக் சென்சார்கள் (எஞ்சினின் தட்டலை உணர்பவை), அவற்றின் ஒயர்கள், மேனிஃபோல்ட் கேஸ்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். இன்னொரு முறை அங்கே கைவைக்க யாருக்கும் மனம் வராது.

எஞ்சின் சூடேறிய பிறகு ஐடில் (கார் நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) 650-700 ஆர்பிஎம்மில் அசையாமல் நிற்க வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டு 'டி'யில் போடுங்கள். ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ நடுக்கம் தெரிந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டுகளைச் சந்தேகியுங்கள். அவை திரவம் நிரப்பியவை. கசிந்து காலியானால் வெறும் ரப்பர்தான் மிச்சம்.

அடுத்தது பவர் ஸ்டீயரிங் பம்ப். இந்தக் காரை வாங்குபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பம்ப் மேலே, ஆல்டர்னேட்டர் நேர் கீழே. பம்பில் ஒழுகும் எண்ணெய் ஆல்டர்னேட்டருக்குள் சொட்டி அதையும் கெடுக்கும். ஆல்டர்னேட்டர் புதிதாக மாற்றியிருக்கிறார்கள் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பம்பை என்ன செய்தீர்கள் என்று உடனே கேளுங்கள். பம்பைச் சரிசெய்யாமல் ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

பம்பின் மேல் ஒரு சிறிய ஏர் கன்ட்ரோல் வால்வு இருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஐடில் இறங்காமல் தாங்குவது அதன் வேலை. அதன் உள் தடுப்பு கிழிந்தால், இன்டேக்கின் உறிஞ்சல் ஸ்டீயரிங் எண்ணெயை எஞ்சினுக்குள் இழுத்துவிடும். புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும், எண்ணெய் மட்டம் குறைந்துகொண்டே போகும், தரையிலோ ஒரு சொட்டும் இருக்காது. எஞ்சினே போய்விட்டது என்று பயந்து காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்கள் உண்டு. சோதிப்பது எளிது. வால்விலிருந்து இன்டேக்குக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்களையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் வால்வு போய்விட்டது. புது வால்வு வரும்வரை இன்டேக் பக்கத்து முனைகளை மூடி ஓட்டலாம். ரிசர்வாயருக்குள் இருக்கும் வலை வடிகட்டியையும் கழுவ வேண்டும். அது அடைத்தால் பம்ப் முனகும். பவர் ஸ்டீயரிங்குக்குரியது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்). கடையில் 'பவர் ஸ்டீயரிங் ஆயில்' என்று பொதுவாக எழுதி விற்கும் எதையும் ஊற்ற வேண்டாம்.

வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ஜப்பானில் 1,00,000 கி.மீ., அமெரிக்காவில் 90,000 மைல் என்பது வழக்கக் கணக்கு. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கேட்கும் விலையில் கழியுங்கள். விவிடி-ஐ எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண்வேலை. வாட்டர் பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான் என்பதால் பம்ப், இரண்டு ஐட்லர் புல்லிகள், ஹைட்ராலிக் டென்ஷனர், கேம் சீல்கள், கிராங்க் சீல், தெர்மோஸ்டாட், முன்பக்க ஃபேன் பிராக்கெட்டின் பேரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். பழைய டென்ஷனரையே மறுபடி போடுவதானால் வைஸில் (பிடிப்புக் கருவி) செங்குத்தாக நிறுத்தி மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள் சீல் பிய்ந்துவிடும். 1998-க்கு முந்தைய எஞ்சினில் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகளும் ரோட்டர்களும் உண்டு. முன்பகுதி பிரிந்து கிடக்கும்போதே அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி பழுப்பாக நிறம் மாறியிருந்தால் நொறுங்கும் வயதுக்கு வந்துவிட்டது. எஞ்சினின் பின்புறம் ஹீட்டர் ஹோஸை இணைக்கும் பிளாஸ்டிக் துண்டுகளும் அப்படியே. விரல் பட்டாலே உடையும் நிலையில் இருக்கும் அவை, நெடுஞ்சாலையில் உடைந்தால் கூலன்ட் மொத்தமும் கொட்டி எஞ்சினைச் சூட்டில் அழித்துவிடும். சில்லறைக் காசுப் பொருள். காரை வாங்கிய முதல் வாரத்திலேயே மாற்றுங்கள்.

முதல் தலைமுறையில் எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கசிவது தெரிந்த கதை. காரணமில்லாமல் எஞ்சின் தடுமாறும், கியர் மாறுவது தாறுமாறாகும், சில நாள் தானாகவே சரியாகியும் விடும். பெட்டியைத் திறந்து பலகையை முகர்ந்தால் மீன் வாடை அடிக்கும். நல்ல எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் 105 டிகிரி தாங்கும் புதிய கெப்பாசிட்டர்களை வைத்துச் சரிசெய்துவிடுவார். கசிவு பலகையின் செம்புக் கோடுகளை அரித்த பிறகு போனால் அவராலும் முடியாது. டேஷ்போர்டின் ஒளிரும் முட்களையும் ஏசி திரையையும் மாலை இருட்டியதும் ஒருமுறை பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தப்பும் மங்கல் அப்போது தெரியும்.

சாலையில் ரேடியோவை அணைத்து, ஜன்னல்களை மூடி ஓட்டுங்கள். 90-100 கி.மீ. வேகத்தில் பிரேக் போடும்போது ஸ்டீயரிங் ஆடினால் எல்லோரும் டிஸ்க்கைத்தான் குற்றம் சொல்வார்கள். இந்தக் காரில் முன்பக்க ஸ்ட்ரட் பார் புஷ் (சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பியின் ரப்பர்) கிழிந்திருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. சிறு பள்ளங்களில் முன்புறம் 'டொக்' என்றால் மேல் ஆர்ம் (சக்கரத்தை மேல்புறம் பிடிக்கும் கை). அதில் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தனியாக வராது, ஆர்மையே மாற்ற வேண்டும். புஷ் மாற்றும்போது போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது, காரின் எடை முழுதும் சக்கரங்களில் இறங்கிய பிறகே. ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் புஷ் முறுகிய நிலையில் மாட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் அறைய விடாதீர்கள், டிஸ்க் கோணும்.

கியர் எண்ணெய் கறுத்திருந்தால் மெஷின் வைத்து மொத்தமாக வெளியேற்றாமல், வடித்து ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2 லிட்டர்தான் இறங்கும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று தடவை செய்தால் போதும். நான்கு கியர் பெட்டிக்கு டெக்ஸ்ரான் வகை, ஐந்து கியருக்கு டைப் டி-4. இரண்டையும் கலக்கக் கூடாது.

ஜப்பானிலிருந்து வலதுகை ஸ்டீயரிங்கோடு வருவது இதே கார்தான். அங்கே அதன் பெயர் டொயோட்டா செல்சியோர். கனடாவில் 15 ஆண்டும் அமெரிக்காவில் 25 ஆண்டும் கடந்த கார்களை இறக்குமதி செய்யலாம் என்பதால் ஏலத்தாளைப் (ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துத் தரும் தாள்) படிக்கத் தெரிந்திருப்பது அவசியம். மதிப்பெண் 4 அல்லது 4.5 நல்ல கார். 'ஆர்' என்றால் விபத்துக்குப் பின் சரிசெய்தது. தாளிலுள்ள கார் படத்தில் 'ஏ' கீறல், 'யூ' நசுங்கல், 'டபிள்யூ' தட்டிச் சரிசெய்த அலை, 'எஸ்' துரு, 'எக்ஸ்எக்ஸ்' மாற்றப்பட்ட பாகம். கீறலை விட்டுவிடலாம்; 'எஸ்' எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கதவோரம் என்றால் பேசித் தீர்க்கலாம், அடித்தளம் என்றால் வேறு காரைத் தேடுங்கள்.

செல்சியோரின் முதல் தலைமுறையில் 'சி' வகைகளுக்கு ஏர் சஸ்பென்ஷன் (காற்று நிரம்பிய ஸ்ட்ரட்டுகள் காரைத் தாங்கும்). ஓர் இரவு நிறுத்திவைத்த காரில், நான்கு மூலையிலும் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இரவில் இறங்கிக் காலையில் ஏறினால் அந்த ஏர் ஸ்ட்ரட் கசிகிறது. கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடினால் அதுவும் போகப் போகிறது. புதிய ஸ்ட்ரட்டின் விலையை விசாரித்த பிறகே பேரத்துக்கு உட்காருங்கள்.