பொன் விகிதத்துக்குள் 36 பாகை எப்படி வந்தது?

பொன் விகிதம் (1+√5)/2, அதாவது ஏறத்தாழ 1.618 என்பதை மனப்பாடமாக அறிந்திருந்தும், அதற்கும் 36 பாகைக்கும் என்ன உறவு என்பது கவராயத்தோடு உட்கார்ந்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

முதலில் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரையவும். அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியில் கவராயத்தை ஊன்றி, மேல் வலது மூலை வரை விரித்து, நீட்டிய அடிக்கோட்டை வலப்புறத்தில் வெட்டுமாறு வில் வரையவும். பிதாகரஸ் தேற்றப்படி அந்த ஆரம் √125, அதாவது 11.18 செ.மீ.; அரைப்பக்கத்தின் 5 செ.மீ. சேர, இடது மூலையிலிருந்து வெட்டுப்புள்ளி வரை 16.18 செ.மீ. கிடைக்கும்.

அந்த நீளத்தைக் கவராயத்தில் எடுத்துக்கொண்டு, 10 செ.மீ. நீளமுள்ள சத என்ற கோட்டின் இரு முனைகளிலிருந்தும் வில் வரைந்தால், அவை சந்திக்கும் புள்ளி க. உச்சிக்கோணம் 36°, அடிக்கோணங்கள் 72° என்று கோணமானி காட்டும்.

நான் முதன்முறை இதைத் தலைகீழாகச் செய்து ஏமாந்தேன். கோணமானியால் 72° குறித்து வரைந்தபோது பக்கம் 17 செ.மீ.யைத் தாண்டிவிட்டது. இரு கோணங்களும் ஒரு பாகை கூடினாலே பக்கம் 17.1 ஆகிவிடும், ஒரு பாகை குறைந்தால் 15.4. ஆகவே கோணமானி சரிபார்க்க மட்டுமே, வரைவதற்குக் கவராயம்தான் என்பது என் கட்சி. கணினியில் வடிவியல் வரையும் மென்பொருளான ஜியோஜீப்ராவும் நல்ல கருவியே. ஆனால் அதில் கை பிசகாது என்பதால், இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

இனி நிறுவலாம். ச-வில் உள்ள கோணத்தை இருசமமாகப் பிரிக்கும் கோடு, கத-வை ம-வில் வெட்டட்டும். ம என்பது நடுப்புள்ளி அன்று. கம 10 செ.மீ., மத 6.18 செ.மீ. கோணங்களை எழுதிப் பார்த்தால் சத, சம, கம மூன்றும் சமம் என்பது தெரியும். அந்த நீளத்தை 1 என்றும், கத-வை ப என்றும் கொண்டால், சிறிய முக்கோணமான சதம-வும் பெரியதான கசத-வும் வடிவொத்தவை என்பதால் ப/1 = 1/(ப−1); அதாவது ப² = ப+1. இதன் மிகைத் தீர்வே பொன் விகிதம். ம-விலிருந்து கச-வுக்குச் செங்குத்து இறக்கினால், கச இரண்டு சம துண்டுகளாகும். ஒவ்வொன்றும் கொசைன் 36°. எனவே ப = 2 கொசைன் 36°.

பின்சேர்க்கை: 2 கொசைன் 36-ஐக் கணிப்பானில் போட்டால் −0.256 வருவதாகச் சிலர் எழுதியிருந்தனர். கணிப்பான் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது. பாகைக்கு மாற்றினால் 1.618 வந்துவிடும்.