புதுக் கத்தி அலகின் பூச்சை எடுப்பது எப்படி

கறள் பிடிக்கிற இரும்புக் கத்தி எதுவும் வெறும் அலகோடு கடைக்கு வராது. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கினாலும் சுன்னாகத்தில் வாங்கினாலும் மேலே ஏதோ பூசியிருக்கும். அது என்னவென்று பாராமல் கம்பித் தும்பால் உரஞ்சுவதுதான் பல அலகுகளைக் கெடுக்கிறது. கீறல் விழுந்த இடத்தில் ஈரம் தங்கும், கறளும் அங்கேதான் தொடங்கும்.

பிடிக்குக் கிட்டவாக நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வழுவழுத்து விரலில் ஒட்டினால் எண்ணெய் அல்லது கிறீஸ். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் வேலை முடிந்தது. ஒட்டாமல் மினுங்கினால் வாணிஷ். அசற்றோன் உள்ள நெயில் பொலிஷ் றிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் அரை நிமிடம் வையுங்கள், இளகிப் பிசுபிசுக்கும். அசற்றோன் இல்லாத றிமூவரும் விற்கிறார்கள், போத்தலைப் பார்த்து வாங்குங்கள். அலகு முழுக்கக் கறுப்பாக இருந்து அசற்றோனுக்கும் அசையாவிட்டால் அதை விட்டுவிடுவதே நல்லது. வினாகிரியில் ஊறப்போட்டால் சில வகைக் கறுப்பு போகும், கூடவே கூரும் போகும். கம்மாலையில் அடித்த கத்தியின் முதுகுப் பக்கக் கறுப்பு நெருப்பில் வந்தது. அது கறளைத் தடுக்கும், தொடவேண்டாம்.

வாணிஷுக்கு வருவோம். 100 மில்லிலீற்றர் அசற்றோன் ஒரு கறிக்கத்திக்குத் தாராளம். நம் வெயிலுக்கு அது வேலை செய்யுமுன்னே ஆவியாகிவிடும். ஆகவே நனைத்த துணியை அலகில் படிய வைத்து, மேலே பொலித்தீன் பையால் மூடி 10 நிமிடம் விடுங்கள். பிறகு முதுகிலிருந்து கூர்ப்பக்கமாக வழித்தெடுங்கள். கூர் வழியே இழுத்தால் கை வெட்டுப்படும். மிச்சமிருந்தால் இன்னொருமுறை. இதைக் குசினியில் செய்யாதீர்கள், முற்றத்தில் செய்யுங்கள். அசற்றோன் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு பரவி அடுப்பு நெருப்பில் பற்றும்.

அசற்றோன் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதிதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, அலகை மட்டும் 15 நிமிடம் அமிழ்த்தி, தேங்காய்த் தும்பால் தேய்க்கலாம். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அலுமினியம் கறுத்துவிடும். பிடியை நனைக்கவேண்டாம். அரக்கு வைத்து இறுக்கிய பிடி என்றால் சுடுதண்ணீரில் அரக்கு இளகி, பிடி ஆடத் தொடங்கும்.

நெருப்பில் காட்டி எரிப்பது வேண்டவே வேண்டாம். கூர்ப்பக்கம் மெல்லியது, முதலில் சூடேறும். 200 பாகையைத் தாண்டினால் மஞ்சளாகும், 300 அளவில் நீலமாகும். அந்த நீலம் வந்த இடம் பதம் இளகிய இடம்; பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

எல்லாம் முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அலகில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவி ஓடினால் சுத்தம். துளிதுளியாக நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. உடனே துடைத்து உலர்த்துங்கள், வெறும் இரும்பு கறள் பிடிக்க அதிக நேரம் தேவையில்லை. தேங்காயெண்ணெயைத் தொட்டுப் பூசி, அதையும் துணியால் ஒற்றியெடுங்கள். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும்.

மாங்காயோ தேசிக்காயோ வெட்டியதும் அலகு சாம்பல் நீலமாகக் கறுக்கும். அது கறள் அல்ல, விடுங்கள். செம்மஞ்சள் தெரிந்தால் மட்டும் சலித்த அடுப்புச் சாம்பலில் எண்ணெய் குழைத்து, அந்த இடத்தை மாத்திரம் தேயுங்கள்.